வெள்ளரிக்காய்ப் பச்சடியும் வருசநாட்டுச் சூடும்

பங்குனி பிறந்து இலவங்காய் வெடிக்க ஆரம்பிச்சா, மூலவைகையில் மணல்தான் தெரியும். அந்த நேரத்தில் கடமலைக்குண்டு, வருசநாடு பக்கமிருந்து வரும் நோயாளிகளிடம் "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "சூடு புடிச்சிருச்சு சார்."

வாய்ப்புண்ணா, சூடு. கண் எரிச்சலா, சூடு. நீர்க்கடுப்பா, அதுவும் சூடு.

அப்படி வந்தவர்தான் அந்த அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். தோட்ட வேலை, சர்க்கரைக்கு மாத்திரை. "நீர் போகையில எரிச்சல் சார். வெள்ளரிக்காப் பச்சடி செஞ்சு அஞ்சு நாளாத் தின்னேன். தின்னா குளுகுளுன்னுதான் இருந்துச்சு" என்றார். ஆறாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், விலா ஓரம் வலி, வாந்தி. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. படுக்கையில் சேர்த்து, ஊசி மருந்து போட்டுத்தான் மீட்க முடிந்தது.

பச்சடி மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே கோடை முழுக்க அதைத்தான் சாப்பிடுகிறேன். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சொல்லத்தான் இந்த இழை.

முதலில் ஒரு ஆச்சரியம். தயிர் குளிர்ச்சி என்று நாம் நம்புகிறோம் இல்லையா? ஆயுர்வேதத்தில் தயிர் உஷ்ண வீரியம்! சரக சம்ஹிதை தயிரை இரவில் சாப்பிடாதே என்கிறது, கோடையில் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறது, சூடாக்காதே என்கிறது. சாப்பிட்டே ஆகணும்னா நெய், நெல்லிக்காய், பாசிப்பயறுச் சாறு மாதிரி ஏதாவது துணை வேண்டுமாம். அந்தக் கணக்கில் பச்சடியில் குளிர்ச்சி தருவது வெள்ளரிக்காய்தான்.

என் படிப்பின் கணக்கு வேறு. வெள்ளரிக்காயில் 100-க்கு 95 பங்கு தண்ணீர். தயிரில் புரதம், கால்சியம், நல்ல பாக்டீரியா. வெயிலில் வேலை செய்தவருக்கு நீரும் உப்பும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், வயிறும் லேசாக இருக்கும். (ராத்திரி தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்குமா? சளியைக் கொடுப்பது வைரஸ்ங்க.)

செய்முறை:

வெள்ளரிக்காயின் காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுசையும் தூக்கிப் போடுங்கள். "மருந்துதானே" என்று தின்னாதீர்கள். அந்தக் கசப்புக்குக் காரணமான குகுர்பிட்டசின் அதிகமானால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

பொடியாக நறுக்கியது ஒரு கப், புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப். வறுத்துப் பொடித்த சீரகம் அரை ஸ்பூன், துளி இஞ்சி, மல்லித்தழை. அரை ஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஆறிய பிறகு ஊற்றுங்கள். சுடச்சுட ஊற்றினால் தயிர் திரியும். உப்பு சாப்பிட உட்காரும்போதுதான். முன்னாடியே போட்டால் காய் தண்ணி விட்டுச் சொதசொதவென்று ஆகும், கூடுதல் உப்பும் கேட்கும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், பிரஷர் இருப்பவர்கள் கவனிக்க. சிறுநீரக நோயாளிகள் தயிரின் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பச்சடிக்கு வேலை இல்லாத இடங்கள்.

எரிச்சலோடு காய்ச்சல், நடுக்கம், இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே வாருங்கள். சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெறும் எரிச்சலுக்கே வந்துவிடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று போதும், சூடா தொற்றா என்று தெரிந்துவிடும்.

தோட்டத்தில் ஒருவர் உளறுகிறார், மயங்குகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் வாயில் மோர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

அந்த அம்மா மறுபரிசோதனைக்கு வந்தபோது, "இனிமே பச்சடி திங்கலாமா சார்?" என்றார். தாராளமா என்று சொல்லி மேலே உள்ள செய்முறையையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தேங்காயும் பச்ச மொளகாயும் அரச்சு ஊத்தாம, அது என்னா பச்சடி சார்?"