உம்மாவின் சிறுநீரகத்தைக் காதால் கேட்ட நாள்

உம்மாவுக்கு முழங்கால் வலி பழையது. பிறஷரும் இருக்கிறது. வலி கூடும் நாட்களில் பாமஸிக்குப் போய்க் குளிசை வாங்கி வருவது நான்தான். எந்த டொக்டரும் எழுதித் தந்ததல்ல. ஒருமுறை கடைக்காரர் தந்ததையே "அதே குளிசை தாங்க" என்று கேட்டு மூன்று வருடங்கள் வாங்கினேன். சென்ற வருடம் உம்மாவின் கால்கள் வீங்கின. இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர், சிறுநீரகத்துக்கு டொப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"மகன், என்னெ வெட்டுவாங்களா?" என்று உம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

வெட்டவுமில்லை, ஊசி போடவுமில்லை. விலாப்பக்கம் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு சிறு கருவியை வைத்து அழுத்தினார்கள். திடீரென அறையில் "ஷூ... ஷூ..." என்றொரு சத்தம். "மௌலவி, இது உம்மாட இரத்தம் ஓடுற சத்தம்" என்றார் ஸ்கேன் செய்த டொக்டர். எனக்கு மேனி சிலிர்த்தது.

கருவி அனுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாதது. ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் சுருதி மாறுகிறது. பஸ் வண்டி நம்மை நோக்கி வரும்போது ஹோர்ன் ஒருவிதமாகவும் கடந்து போகும்போது வேறுவிதமாகவும் கேட்பதில்லையா? அதேதான். 1842இல் கிறிஸ்டியன் டொப்ளர் என்ற ஒஸ்திரியர் சொன்ன உண்மை. இதயம் துடிக்கும்போது இரத்தம் பாயும் வேகத்தையும் அது ஓய்ந்திருக்கும்போதுள்ள வேகத்தையும் ஒப்பிட்டு ஓர் எண்ணைத் தருகிறார்கள். 0.6ஐ ஒட்டியிருந்தால் நல்லது. உம்மாவுக்கு 0.78.

அரபு மொழியில் சிறுநீரகத்துக்கு 'குல்யா' என்று பெயர். கல்லூரிக்கு 'குல்லிய்யா'. குறியீடுகள் இடாமல் எழுதினால் இரண்டும் ஒன்றே. இதைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேனே தவிர, அந்த உறுப்பைப் பற்றி நான் எதுவும் அறிந்திருக்கவில்லை.

பின்புதான் தேடி வாசித்தேன். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கும் அதிகமாக, அங்கே போகிறது. பிறஷர் ஏறினால் உள்ளே நுழையும் நுண்குழாய்கள் தாமாகச் சுருங்கும், இறங்கினால் விரியும். வீட்டுக்காரி அடுப்பைக் கூட்டிக் குறைப்பதுபோல. வந்த இரத்தத்தில் பெரும்பகுதி மேற்பகுதிக்கே போய்விடுகிறது. உப்பை மீட்டெடுக்கப் பாடுபடும் உட்பகுதிக்குக் கிடைப்பதோ சொற்பம். அது எப்போதும் ஒட்சிசன் தட்டுப்பாட்டின் விளிம்பிலேயே வாழ்கிறது.

அந்த உட்பகுதியின் நிலையை டொப்ளரால் அறிய முடியாது. காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனால் முடியும். ஒட்சிசனை இழந்த இரத்தம் சற்றே காந்தத்தன்மை பெறுகிறது. படத்தில் அது வேறுபட்டுத் தெரியும். மருந்து ஏற்றத் தேவையில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. பிரசாத், எப்ஸ்டைன் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நிறையத் தண்ணீர் குடித்த இளவயதினரின் சிறுநீரக உட்பகுதியில் ஒட்சிசன் கூடியதைப் படம் காட்டியது. முதியவர்களிடம் அப்படிக் கூடவில்லை. வலி போக்கும் குளிசை கொடுத்தபோது இளவயதினரிடமும் கூடவில்லை! குழாய்களை விரித்து வைக்க உடம்பே சுரக்கும் பொருளை இந்த வகைக் குளிசை தடுத்துவிடுகிறது.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குளிசைதான் காரணமென்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை. வயதும் பிறஷரும் இருக்கின்றனவே என்றார். ஆனால் அதை அன்றே நிறுத்தச் சொன்னார். பிறஷர் மருந்தை மட்டும் விடக்கூடாது என்றும் எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்து உம்மாவின் தலையணை அருகிலிருந்த டப்பாவை எடுத்தேன். இன்னும் பதினொரு குளிசைகள் இருந்தன. "நீ வாங்கித் தந்ததுதானே மகன், ஏன் எடுக்கிறாய்?" என்றார் உம்மா. பதில் சொல்லாமல் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டு வந்து, அவரது முழங்காலில் தேய்க்கத் தொடங்கினேன்.