செம்மணி வெளியும் கொள்ளிவாய்ப் பேய்களும்

யாழ்ப்பாணத்திலே பேயைத் தாமே நேரிற் கண்டோம் என்பவர் மிகச் சிலர். பேயைக் கண்ட ஒருவரைத் தமக்குத் தெரியும் என்பவரோ ஊர்தோறும் உளர். பெரியதந்தையாரின் சிநேகிதர், மாமியாரின் அயலவர், இப்பொழுது கனடாவிலே வாழும் ஒருவரின் தமையனார் என்று சாட்சி எப்பொழுதும் எம்மிலிருந்து ஒரு படி தள்ளியே நிற்பார். ஆயினும் பேய்களைப் பற்றிய எமது அறிவிலே எவ்வித மயக்கமும் இருந்ததில்லை. முனி ஆலிலும் புளியிலும் உறையும். மோகினி தனிவழியில் வரும் ஆடவனை மறிக்கும். கொத்தி பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும். ஊத்தைகுடியன், எறிமாடன், குறளி என்று ஏனையவற்றுக்கும் தனித்தனித் தொழிலும் இடமும் உண்டு. ஊரின் காணிகளுக்கு உறுதி எழுதியது போலவே பேய்களுக்கும் எல்லை வகுத்து வைத்திருந்தனர் எம் முன்னோர்.

அந்த எல்லை வகுப்பிலே அரியாலைக்குக் கிடைத்தது செம்மணி வெளி. யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்பவர், அரியாலையின் வீடுகளும் பனைகளும் திடீரென முடிவுற்று, இருமருங்கும் வெறுமையாகக் கிடக்கும் ஒரு பரப்பினுள் நுழைவர். வயலும் உவர்நிலமும் பழைய உப்பளமும் நீரேரியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இடம் அது. மாரியிலே வெள்ளம் பரந்து நிற்கும். கோடையிலே தரை வெடித்து உப்புப் பூக்கும். மறைவதற்கு ஒரு மரமில்லை. கூப்பிட்டாற் கேட்பதற்கு ஒரு வீடில்லை. அருகிலேயே சித்துப்பாத்தி மயானம். வண்டிகளிற் பயணஞ் செய்த காலத்திலே அவ்வெளியை இரவிற் கடக்க நேர்ந்தவர்கள் தேவாரம் ஓதிக்கொண்டே மாட்டை விரட்டினர் என்பர். ஒரு சமூகம் தன் பேய்களைக் குடியேற்றுவதற்கு இதனிலும் பொருத்தமான நிலம் வாய்த்தல் அரிது.

அங்கே உலாவியது கொள்ளிவாய்ப் பேய். வாயிலே நெருப்பை ஏந்தியபடி அது நிலத்துக்குச் சற்று மேலாக மிதந்து செல்லும், அணுகினால் விலகும், விலகினால் தொடரும். இவ்வருணனையை இங்கிலாந்தின் சதுப்பு நிலத்து உழவனிடம் கூறினாலும் வங்காளத்து மீனவனிடம் கூறினாலும் அவர்கள் தத்தம் மொழியில் ஒரு பெயரைச் சொல்லித் தலையசைப்பர். இத்தாலிய விஞ்ஞானி அலெசாந்திரோ வோல்ற்றா 1776ஆம் ஆண்டிலே மஜ்ஜோரே ஏரியின் கரைச் சேற்றைக் கோலாற் கிளறி, மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து, அவ்வாயு தீப்பற்றி எரிவதைக் காட்டினார். இன்று நாம் மெதேன் என்று அழைப்பது அதுவே. அழுகும் இலைகுழைகளிலிருந்து எழும் இத்தகைய வாயுக்கள் எரிவதே கொள்ளிவாய்ப் பேயாகத் தோன்றுகிறது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். செம்மணியைப் பொறுத்தமட்டில் இன்னும் எளிய விளக்கமொன்றும் உண்டு: நீரேரியின் ஆழமற்ற நீரிலே இரவில் விளக்கேந்தி இறாலும் நண்டும் பிடிப்போரைத் தொலைவிலிருந்து நோக்கினால், ஆளின் உருவம் இருளில் மறைந்துபோக வெளிச்சம் மாத்திரம் நடந்து திரியும். பேயின் வாயிலிருந்த கொள்ளி ஓர் ஏழையின் கையிலிருந்த சூள் என்பது எனது எண்ணம்.

இவ்வாறு விளக்கிக் கடந்துவிடுதல் பகுத்தறிவாளர் வழி. அவ்வழியிலே இந்நாட்டில் ஆபிரகாம் தோமஸ் கோவூரைப் போன்று துணிவுடன் நடந்தவர் வேறொருவரில்லை. திருவல்லாவிலே 1898இற் பிறந்த அம்மலையாளி, 1928ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். தாவரவியல் அவர் துறை. அவரிடம் வேதாகம பாடம் ஒப்படைக்கப்பட்டதாகவும், மாணவர் யாவரும் பரீட்சையிற் சிறப்பாகச் சித்தியெய்தியும் அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்கு வழங்கப்படவில்லை என்றும், காரணம் வினவியபோது, மாணவர் பாடத்திற் சித்தியெய்தினர், சமயத்தை இழந்தனர் என்ற கருத்துப்பட அதிபர் விடையிறுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. பின்னர் தென்னிலங்கையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற கோவூர், பேய் பிடித்தவர் என்று கூறப்பட்டோரையும் கல்லெறி விழுந்த வீடுகளையும் தேடிச் சென்று ஆராய்ந்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதசக்தியை மெய்ப்பிப்பவருக்கென 1963இல் அவர் அறிவித்த பரிசை, அவர் 1978இல் மறையும்வரை எவரும் பெற்றிலர். தமது உடலை மருத்துவ மாணவரின் கல்விக்கென எழுதிவைத்தே அவர் இறந்தார்.

கோவூரின் ஆய்வுகளைப் படிக்குந்தோறும் ஒன்று என்னைக் கவர்கிறது. கல்லெறி விழும் வீட்டிலே அவர் கூரையை நோக்குவதில்லை. வீட்டினுள் வாழ்பவரையே நோக்குகிறார். அங்கே சொல்ல முடியாத துன்பமொன்றைச் சுமந்துகொண்டு, பெரும்பாலும் வயதிற் சிறிய ஒருவர் இருப்பார். பேய் இல்லை என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. பேய் எதற்குப் பதிலாக வந்தது என்று வினவினார். அவருக்குப் பின் வந்த எம்மவர் பலர் முதற் பாதியை மாத்திரமே கற்றுக்கொண்டனர். மேடையேறிப் பேயை மறுப்பது இலகு, கைதட்டும் கிடைக்கும்.

கொத்தியை எடுத்துக்கொள்வோம். கருவுற்றவளையும் பிள்ளை பெற்றவளையும் பீடிப்பதாக நம்பப்பட்ட இப்பேயைக் கலைப்பதற்கென்றே மருத்துவிச்சி செய்யும் சடங்கொன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. இன்று அச்சடங்கைக் கண்டவர்கள் முதியோர் மாத்திரமே. கொத்தியை விரட்டியது யார்? சொற்பொழிவாளர் அல்லர். 1930களிலே இலங்கையில் ஒவ்வொரு 1,00,000 பிறப்புக்கும் 2,000இற்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். பயிற்சி பெற்ற மருத்துவ மாதரும் பிரசவ விடுதிகளும் பெருகப் பெருக அத்தொகை சரிந்து, அண்மைய பத்தாண்டுகளில் 40இன் அண்மையில் வந்து நிற்கிறது. பிள்ளைப்பேற்று மரணம் அரிதாகிய பின்னர் கொத்திக்கு வேலையில்லாமற் போயிற்று. அது போய்விட்டதை ஒருவரும் கவனிக்கவுமில்லை.

அச்சம் காலத்துக்கேற்ற உருவத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அணுகுண்டின் நிழலிலே வாழ்ந்த அமெரிக்காவில் 1947 யூன் மாதம் கெனத் ஆர்ணல்ட் என்ற விமானி ஒன்பது ஒளிரும் பொருள்களை வானிற் கண்டதாகக் கூறியதும், நாடெங்கும் பறக்குந் தட்டுகள் காணப்படலாயின. எமக்கு வாய்த்ததோ வானத்துத் தட்டு அன்று. 2011 ஓகஸ்டில் உடலெங்கும் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுகி ஓடும் ‘கிறீஸ் பூதம்’ இலங்கை முழுவதும் உலாவியது. அப்பொழுது எனக்கு எட்டு வயது. மாலை ஆறு மணிக்கே கதவைப் பூட்டி, உலக்கையைக் கதவருகிற் சாத்திவைத்து, ஐந்து வீட்டுப் பெண்கள் எம் வீட்டு விறாந்தையில் ஒன்றாகப் படுத்த இரவுகள் நினைவிலுள்ளன. எங்கள் ஒழுங்கையில் அதைக் கண்டவர் எவருமிலர். வழமைபோல் அடுத்த ஒழுங்கையிற் கண்டனர்.

சிரித்துக் கடந்துவிடக் கூடிய செய்தியன்று இது. புத்தளத்திலே இக்கலவரத்தில் பொலிஸார் ஒருவர் உயிரிழந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஓகஸ்ட் 22ஆம் நாள் இரவு, தாம் துரத்திய மர்ம மனிதர் இராணுவ முகாமை நோக்கி ஓடினர் என்று கூறி மக்கள் திரண்டனர். அதன் பின்னர் இராணுவத்தினரும் பொலிஸாரும் வீடு வீடாகப் புகுந்து, 100இற்கும் மேற்பட்ட ஆண்களைத் தாக்கிப் பிடித்துச் சென்றனர். கிறீஸ் பூதம் உண்மையா பொய்யா என்று பத்திரிகைகள் வாதிட்டன. போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒழுங்கைதோறும் காவலரண் நின்ற ஊரிலே, இரவிற் கதவைத் தட்டுவது யார் என்று ஒரு பெண் அஞ்சினால் அவ்வச்சத்திற்கு ஒரு பூதம் வேண்டியிருந்ததா என்று எவரும் வினவியதாக நினைவில்லை.

செம்மணிக்குத் திரும்புகிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இவ்வெளியினூடாகவே, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தனர். அடுத்த ஆண்டு திரும்பியவர்களுக்கு அங்கே சோதனைச்சாவடி இருந்தது. அவ்வாண்டு குடாநாட்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமலாக்கப்பட்டனர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை கணக்கிட்டது. 1996 செப்தெம்பர் 7ஆம் நாள், பரீட்சை எழுதிவிட்டுத் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணியில் மறிக்கப்பட்டாள். அவளும், அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொன்று புதைக்கப்பட்டனர். அவ்வழக்கிலே 1998 யூலையில் மரணதண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய்களுள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று மன்றிலே கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பின்னர் போர் மீண்டும் மூண்டது. வெளியின் மேல் புல் வளர்ந்தது.

என் தலைமுறையினர் செம்மணியை அறிந்தது அந்தப் புல்லின் காலத்திலேதான். எமக்குக் கூறப்பட்டவை பேய்க்கதைகள். அவை பழைய கொள்ளிவாய்ப் பேயின் கதைகள் அல்ல என்பதைச் சிறுவயதில் நான் அறிந்திலேன். வீதியோரத்தில் நின்று வாகனத்தை மறிக்கும் பெண், துவிச்சக்கரவண்டியின் பின்னால் வந்து ஏறிக்கொள்ளும் பாரம், இரவிலே கேட்கும் மணியோசை — இப்பேய்கள் இளமையானவை. சில பள்ளிச் சீருடை அணிந்திருந்தன. பழம்பேய்கள் மனிதரைப் பயமுறுத்தின. இவையோ தம்மை வீட்டுக்குக் கூட்டிச் செல்லுமாறு கேட்டன. நாட்டார் வழக்காற்றியல் கற்கத் தொடங்கிய பின்னரே இவ்வேறுபாடு எனக்கு உறைத்தது. ஒரு நாள் அம்மம்மாவிடம் கேட்டேன்.

“செம்மணியிலை பேய் இருக்கெண்டு ஏன் அம்மம்மா எங்களுக்குச் சொன்னனீங்கள்?”

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், சுளகை நிறுத்தவில்லை. “பேய் எண்டு சொன்னால் நீங்கள் பயந்து அந்தப் பக்கம் போகமாட்டியள். ஆமி எண்டு சொன்னால் பள்ளிக்கூடத்திலை போய்ச் சொல்லிப்போடுவியள்.”

இவ்விடையை எந்த ஆய்வு நூலிலும் நான் கண்டதில்லை. பேய்நம்பிக்கை அறியாமையிலிருந்து பிறக்கிறது என்றே நாம் கற்கிறோம். அம்மம்மாவின் பேய் அறியாமையிலிருந்து பிறக்கவில்லை; அறிந்ததிலிருந்து பிறந்தது. உண்மையைக் கூறினால் உயிருக்கு ஆபத்து, கூறாவிடிற் பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற இரண்டுக்கும் நடுவிலே ஓர் ஊர் கண்டுபிடித்த வழி அது. அதே வழி கேடும் செய்தது என்பதையும் கூறவேண்டும். பேய் என்று வாயால் வந்தபின், அது யார் என்ற கேள்வி எழுவதில்லை. காணாமற்போன மகனைத் தேடி நீதிமன்றத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கும் அலைந்த தாயின் காதுபடவே, செம்மணியில் இளம்பேய் உலாவுகிறது என்று நாம் கதை பேசியிருக்கிறோம். அத்தாய்க்கு அது எவ்வாறு கேட்டிருக்கும்?

2025 பெப்ரவரியிலே சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக் கட்டடமொன்றுக்கு அத்திவாரம் வெட்டிய தொழிலாளர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். நீதவான் நீதிமன்றின் கட்டளைப்படி, தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தலைமையில் மே மாதம் அகழ்வு தொடங்கியது. ஆழமற்ற குழிகளில், ஒன்றன்மேல் ஒன்றாகவும் கிடந்தன. செப்தெம்பர் தொடக்கத்தில் எண்ணிக்கை 200ஐக் கடந்து 240ஐ அண்மித்தது. சிறுவருடையவையும் இருந்தன. கோவூர் தம் எலும்புகளைத் தாமே கையொப்பமிட்டுக் கொடுத்தார். இவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

யூன் மாதத்திலே மூன்று நாட்கள் இரவும் பகலும் செம்மணியில் ‘அணையா விளக்கு’ எரிந்தது. வெளியின் வெறுமையிலே அவ்வெளிச்சம் வெகுதூரம் தெரிந்தது. நாவற்குழிப் பக்கமிருந்து பேருந்தில் வந்த எவரும் அதனைக் கொள்ளிவாய்ப் பேய் என்று கூறக் கேட்டிலேன். மணல் அரித்துக்கொண்டிருந்த குழிகளின் அருகே பெண்கள் இருட்டிய பின்னரும் இருந்தனர். அவர்களுட் பலர் பொழுதுபட்டபின் அவ்வழியே செல்லக்கூடாது என்று எமக்குக் கற்பித்தவர்கள்.

ஓகஸ்ட் 5ஆம் நாள், எலும்புகளோடு கிடைத்த பொருள்களை மக்கள் பார்த்து அடையாளம் காண்பதற்கென வைத்தனர். நீல நிறப் புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை, வளையல், செருப்புகள், மக்கிய துணித்துண்டுகள். வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற முதியவள் ஒரு செருப்பின் முன் நெடுநேரம் நின்றாள். தொடுவதற்கு அனுமதியில்லை. வலக்கையின் சாணை விரித்து, செருப்புக்கு மேலே காற்றில் வைத்து நீளம் பார்த்தாள். பிறகு, “இது அவன்ரை இல்லை, அவனுக்குப் பெரிய கால்” என்று எவருக்கென்றில்லாமற் கூறிவிட்டு அடுத்த பொருளுக்கு நகர்ந்தாள்.