கொடிமரம் வரைதானா?

2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் தீர்ப்பு வந்தது: இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது, முருகன்மேல் நம்பிக்கை இருந்தால் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த உறுதிமொழி இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒருவருடைய பக்தியை எழுதி வாங்கிப் பதிவேட்டில் ஏற்றும் வேலை கோயிலுக்கு எதற்கு?

ஒரு மதத்தை மட்டும் சொல்லவில்லை. மெக்காவுக்குள் பிற மதத்தவர் கால்வைக்க முடியாது. தன் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு மீட்பே இல்லை என்று 1442இல் புளோரன்ஸ் சங்கத்தில் அறிவித்தது கத்தோலிக்கத் திருச்சபை. பிற மதங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் தள்ளிவிடவில்லை என்று அது சொன்னது 1965இல். நடுவே 500 வருஷத்துக்கும் மேல். கோவாவில் நடந்த மத விசாரணைக் கொடுமைகளெல்லாம் அந்த இடைவெளியில் வந்தவைதான்.

நிறுவனங்கள் இப்படி. ஜனங்கள் வேறு மாதிரி. நாகூர் தர்காவின் 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இன்றும் அங்கே வந்து பிள்ளைக்கு முடியிறக்கும் இந்துக் குடும்பங்கள் உண்டு. என் அப்பாயி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வார். அதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை. எனக்கும் தெரியவில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடிவரும் ஒரு தாயை வாசலில் நிறுத்தி, நீ எந்த மதம் என்று கேட்கும் உரிமையை எந்தக் கடவுள் யாருக்குக் கொடுத்தார்? மதத் தலைவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மையாகவே கேட்கிறேன்.