அம்மாவின் முழங்கால்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேயர், 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மேடும் சரிவுமான இந்நகரில், மரைன் ஹில் என்னும் பகுதியில் நான் குடியிருக்கிறேன். சாலையிலிருந்து என் வீட்டுக்கு 22 படிகள். பணியிட மாற்றம் பெற்று இங்கு வந்தபோது, வேலூரிலிருந்து அம்மாவையும் உடன் அழைத்து வந்தேன்.

முதலாண்டில் வெள்ளிக்கிழமைதோறும் வெற்றிமலை முருகன் கோயிலுக்குச் செல்ல அம்மா தவறியதில்லை. பின்னர், "வீட்டிலிருந்து கும்பிட்டாலும் முருகன் கேட்பான்" என்று சொல்லி நின்றுவிட்டார். எனக்கு ஐயம் எழவில்லை. ஒருநாள் பள்ளி முன்னதாகவே முடிந்து திரும்பியபோதுதான் உண்மை தெரிந்தது. அம்மா கைப்பிடிச் சுவரை இரு கைகளாலும் பற்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஒன்றுமில்லை கண்ணு. வயதானால் வருவதுதானே!"

மாணவர்களின் எழுத்துப் பிழைகளை நாள்தோறும் கண்டுபிடிக்கும் எனக்கு, உடன் வாழும் தாயின் வலியைக் கண்டுபிடிக்க ஓராண்டு ஆகியிருந்தது.

எலும்பியல் மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தைக் காட்டி விளக்கினார். முழங்கால் மூட்டு, கதவின் கீலைப் போன்றது. எலும்புகள் சந்திக்கும் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டுக்குள் ஊறும் நீர், கீலுக்கு இடும் எண்ணெயைப் போல உராய்வைக் குறைக்கிறது. குருத்தெலும்பு தேயத் தேய, எலும்போடு எலும்பு உரசுகிறது. வலியும் வீக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், தேய்ந்த பகுதி எளிதில் மீண்டும் வளர்வதில்லை. படியேறி இறங்கும்போது உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குச் சுமையை முழங்கால் தாங்குகிறது. எங்கள் வீட்டின் 22 படிகளை அப்போது எண்ணிப் பார்த்தேன்.

எல்லா மூட்டுவலிக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றை அம்மா எட்டு மாதங்கள் கடைப்பிடித்தார். இரவிலும் வலி உறங்கவிடாத நிலை வந்த பின்னரே, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி அகற்றி, அவ்விடத்தில் உலோக உறைகளையும் அவற்றுக்கிடையே பாலிஎத்திலீன் என்னும் நெகிழித் தகட்டையும் பொருத்துவர்.

அம்மா அஞ்சினார். "படுத்த படுக்கையாகிவிட்டால் உனக்குத்தானே சுமை?" என்றார். எங்கள் ஊரில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரை அவருக்கு நினைவூட்டினேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். ஆயினும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையும் வளர்த்தார். விரல்களை நேராக்கினால் மட்டும் போதாது, அவற்றை மீண்டும் இயக்கப் பழக்கவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அம்மா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலையில், "மருத்துவர் சொன்ன பயிற்சியைக் காட்டு" என்றார்.

அன்றே ஆயத்தம் தொடங்கியது. தொடைத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். கிருமித்தொற்று இருத்தலாகாது என்பதால் சொத்தைப் பல்லுக்கும் சிகிச்சை பெற்றார். நான் கால் வழுக்கும் மிதியடிகளை அகற்றினேன். குளியலறையில் கைப்பிடி பொருத்தினேன். உயரமான நாற்காலி ஒன்றும் வாங்கினேன்.

கோடை விடுமுறையில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே வாக்கரைப் பற்றி எழுந்து நிற்கச் செய்தனர். இரத்தம் உறையாதிருக்கக் கணுக்கால்களை அடிக்கடி அசைக்கச் சொன்னார்கள். முழங்காலை மடக்கும் பயிற்சியே கடினமாக இருந்தது. 90 பாகை மடக்குவதே முதல் இலக்கு. அம்மாவின் கண்களில் நீர் வழியும். ஆனாலும், "இன்னும் எண்ணு" என்பார். நான் பத்து வரை எண்ணுவேன். அறுவைக்கு ஒரு காலை நேரமே போதுமானதாயிற்று. அந்த எண்ணிக்கையோ பல மாதங்கள் நீண்டது.

மருத்துவர் விமானப் பயணத்துக்கு இசைந்த பின்னர் தீவுக்குத் திரும்பினோம். ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது அறுவை செய்த காலும் முன்செல்ல வேண்டும் என்பது பாடம். அவ்வாறே 22 படிகளையும் அம்மா ஏறி முடித்தார். இன்றும் அவரால் தரையில் சம்மணமிட்டு அமர இயலாது. கோயிலில் நாற்காலியில் அமர்ந்தே கும்பிடுகிறார். ஆனால், வெள்ளிக்கிழமை தவறுவதில்லை.

மாணவர்களே, உங்களில் பலருடைய தாத்தா பாட்டியர் கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில் இருக்கின்றனர். தொலைபேசியில் "நலமா?" என்று கேட்டால், "நலம்" என்றே சொல்வார்கள். அடுத்த முறை, "படியேற முடிகிறதா? கோயிலுக்குப் போய் வந்தீர்களா?" என்று கேளுங்கள். விடை வரச் சற்றுத் தாமதமானால், அதை உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

பயிற்சி

1. அம்மா கோயிலுக்குச் செல்வதை நிறுத்தியதன் உண்மையான காரணம் யாது?
2. முழங்கால் மூட்டு கதவின் கீலுக்கு ஒப்பிடப்படுவது ஏன்?
3. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் உரையாடி, அவர்களுடைய ஒருநாள் வாழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.