அளவே மருந்து

பெருமாள் கோயிலில் அர்ச்சகர் உத்தரணியால் வார்க்கும் தீர்த்தம் உள்ளங்கைக் குழியை நனைக்கும் அளவே இருக்கும். அதில் ஒரு துளியும் சிந்திவிடலாகாது என்று வலக்கையின் கீழே இடக்கையையும் ஏந்திக்கொள்கிறோம். சிறிய அளவில் பெறுவதனாலேயே அதனிடத்தில் நமக்குக் கவனமும் பக்தியும் கூடுகின்றன. மருந்தையும் அவ்வாறே கொள்ள வேண்டும் என்பது எழுபத்து நான்கு வயதில் நான் தெளிந்துகொண்ட உண்மை.

நம் வழிபாட்டில் மருந்துக்கு என்றும் இடம் உண்டு. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள குற்றாலத்தில், அருவிச் சாரலிலேயே வீற்றிருக்கும் குற்றாலநாதருக்குக் குளிர் தாக்கலாகாது என்று சுக்கு, மிளகு, கடுக்காய் முதலியன சேர்ந்த கஷாயத்தை நிவேதனம் செய்கின்றனர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் இட்லியில் சுக்கும் மிளகும் சீரகமும் மணக்கும். பொங்கற்பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டிய பின்னரே அடுப்பில் ஏற்றுகிறோம். இறைவனுக்கு உரியதாக வைத்ததையே நம் முன்னோர் உடலுக்கும் உரியதாக வைத்தனர்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த என் பேரன், பெங்களூரிலிருந்து கட்டைவிரல் உயரமுள்ள சில கண்ணாடிக் குப்பிகளைக் கொண்டுவந்தான். இஞ்சி, மஞ்சள், எலுமிச்சைச் சாறுகள் கலந்த அதற்கு 'ஹெல்த் ஷாட்' என்று பெயராம். விலையைக் கேட்டதும் என் இல்லாள் சிரித்துவிட்டு, அம்மியடிக்குச் சென்றாள். அன்று அவள் செய்த முறையையே நான் இன்றும் பின்பற்றி வருகிறேன்.

50 கிராம் இளம் இஞ்சியைக் கழுவித் தோலை முற்றும் சீவிவிட வேண்டும். நசுக்கி, அரை டம்ளர் ஆறிய வெந்நீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் வெண்மையான வண்டல் அடியில் தங்கும். மேலுள்ள தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு, வண்டலை நீக்கிவிட வேண்டும். அதன்பின், சுண்டுவிரல் அளவு பசுமஞ்சளை அரைத்துப் பிழிந்த சாறு, அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, பொடித்த மிளகு நான்கு, தேன் இரண்டு கரண்டி ஆகியவற்றைச் சேர்க்கலாம். சர்க்கரை நோயுடையோர் தேனைத் தவிர்க்கலாம். பசுமஞ்சள் கிடைக்காத மாதங்களில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போதும். ஒருவருக்கு இரண்டு தேக்கரண்டி, அதே அளவு வெந்நீருடன், காலை உணவுக்குப் பின் தருவது எங்கள் வழக்கம். குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை.

மஞ்சளை இறுதியில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள குர்குமின் நீரில் எளிதில் கரையாது. முன்னரே கலந்தால் வண்டலோடு போய்விடும். அது நெய்ப்பசையில் கரைவது. ஆகவே உணவுக்குப் பின் அருந்துவது நன்று. மிளகின் பைப்பரின் உடன் சேர்ந்தால், குர்குமின் உடலில் ஏறும் அளவு பன்மடங்கு உயர்வதை 1998-ஆம் ஆண்டு பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மிளகு இவ்வாறு உயர்த்துவது மஞ்சளை மட்டுமன்று; நாம் உட்கொள்ளும் சில மாத்திரைகளின் வேகத்தையும் உயர்த்தக்கூடும்.

மார்கழியில் இது எனக்குப் பெரிதும் நினைவில் நின்றது. விடியலில் திருவெம்பாவை பாடும் எங்கள் குழுவில் ஒன்பது பேர். அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள். பூஜை முடிந்து பொங்கல் பிரசாதம் உண்டபின், தொண்டை கட்டாதிருக்க அனைவருக்கும் இச்சாற்றைத் தரத் தொடங்கினேன். குழுவில் மூத்தவரான அண்ணாச்சி கையை நீட்டியபோது மட்டும் தயங்கினேன். இதய வால்வு அறுவைக்குப் பின், இரத்தம் உறையாதிருக்க அவர் நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர்.

"அண்ணாச்சி, தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன், பொறுத்தருள வேண்டும்" என்றேன்.

"எல்லாருக்கும் உண்டு, எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டவர், மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாட வரவில்லை. நாற்பது ஆண்டு நட்பு ஒரு தேக்கரண்டிச் சாற்றில் முறிந்துவிடுமோ என்று அஞ்சினேன். எனினும் முகமன் கருதி அவர் கையில் அதை ஊற்ற என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்தார். சமையலில் சேரும் இஞ்சியும் மஞ்சளும் தமக்குத் தீங்கல்ல என்றும், பிழிந்த சாறாகத் திரட்டிக் குடிப்பது அம்மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தக்கசிவுக்கு இடம் தரலாம் என்றும் மருத்துவர் கூறினாராம். "நீ தராததும் ஒரு பிரசாதந்தான் அப்பா" என்றார். அன்றுமுதல் தேக்கரண்டி அவர் கையில். ஒவ்வொருவருக்கும் இரண்டே கரண்டி. மூன்றாவது கேட்டால் தரமாட்டார். தமக்கு வெந்நீர் மட்டும் ஊற்றிக்கொள்கிறார்.

இத்தகைய மாத்திரை உட்கொள்வோர், பித்தப்பைக் கல்லோ வயிற்றுப்புண்ணோ உடையோர், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதனை அருந்தலாகாது. மற்றையோரும் அளவைக் கடக்க வேண்டா. அன்போடு ஒன்றைக் கொடுப்பது தர்மம். பெறுபவரின் உடல்நிலை அறிந்து கொடுப்பது அதனினும் உயர்ந்த தர்மம். உடலை ஆலயமாகக் கருதுவோர்க்கு இது கடினமன்று.