லெட்டர் சிக்கின கதை

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு மக்களே, இன்னிக்கு எழுதிடறேன்.

வில்லியனூர் பக்கம் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்துல ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை தோறும் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். (என் கணக்கு லட்சணம் எங்க வாத்தியாருக்குத்தான் தெரியும், அது வேற கதை.) வளர்ப்புக் குடும்பம்னு ஒண்ணு சட்டத்துல இருக்கே தவிர, ஆதரவில்லாத பொண்ணுங்களுக்கு இங்க பெரும்பாலும் இல்லம்தான்.

பாகூர் பக்கத்துப் பொண்ணு, பிளஸ் டூ. ஒரு நாள் அவ நோட்டுலேர்ந்து லெட்டர் ஒண்ணு விழுந்துடுச்சு. பஸ்ல பழக்கமான பையனாம். "சாப்பிட்டியா, பரிட்சை எப்படி எழுதின" ரகம். அவ்வளவுதான். இல்லமே ரெண்டாயிடுச்சு! பையைச் சோதிச்சாங்க, ஸ்கூலுக்குக் காவலா ஆள் போச்சு, குழந்தைகள் நலக்குழுவுக்கும் எழுதிப் போட்டாங்க.

வார்டன் மேல எனக்கு செம கோவம். கேட்டப்பதான் அந்தம்மாவோட பயம் புரிஞ்சது. 2012 போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழ சம்மதம்ங்கிற பேச்சே செல்லாது. குற்றம் நடந்தது தெரிஞ்சும் சொல்லாம மறைச்சா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். "எதுவும் ஆகறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துட்டேன், அவ்வளவுதான் டீச்சர்"ன்னாங்க.

வளரிளம் வயசுக் காதலைக் குற்றமாக்குறது இந்தச் சட்டத்தோட நோக்கம் இல்லன்னு 2021ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புல சொல்லியிருக்கார். வயசைக் குறைக்க வேண்டாம்னு 2023ல சட்ட ஆணையம் சொல்லுச்சு. எனக்கும் இதுல ரெண்டு மனசுதான். கேக்க நாதியில்லாத பொண்ணுன்னு தெரிஞ்சே வலை வீசுற ஆம்பளைங்க இருக்காங்களே.

ஆனா ஒண்ணு. பிள்ளையைப் பத்தின எந்த முடிவுலயும் அதோட பேச்சைக் கேக்கணும்னு 2015 சிறார் நீதிச் சட்டத்துலயே இருக்கு. இவ கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானும்தான். அவதான் என்னைக் கேட்டா.

"அக்கா, உங்க பொண்ணு நோட்டுல லெட்டர் இருந்தா நீங்க யாருக்கு எழுதிப் போடுவீங்க?"

நான் கணக்கு நோட்டைத் திறந்துட்டேன்.

மூணு மாசத்துல அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சது. "இனிமே எங்க போறது, என்ன பண்றதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ"ன்னாங்களாம். அவ அந்த லெட்டரைத் திருப்பிக் கேட்டாளாம்.

ஃபைல்ல இருக்கு, தர முடியாதுன்னுட்டாங்க.