புதுப்பேட்டையில் ஒரு முதல் பைக்

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் சென்னை புதுப்பேட்டைக்கு. ஆதித்தனார் சாலையை விட்டுச் சந்துக்குள் திரும்பினால், வண்டிகளின் உடம்பு தனித்தனியாகப் பிரிந்து தொங்குகிறது. ஒரு கடை முழுக்க சைலன்சர், அடுத்த கடையில் ஹெட்லைட், எதிரே மட்கார்டுகள். கிரீஸ் வாசனைக்கு நடுவில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிக்கு எந்தப் பாகம் வேண்டுமானாலும் இங்கே தேடிப் பிடிக்கலாம் என்பது சென்னைக்காரர்களின் நம்பிக்கை.

அந்தச் சந்தில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் அம்மாவும் மகனும் நின்றிருந்தார்கள். பையனுக்கு அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் தன் 2019 மாடல் 100 சிசி பைக்கை விற்கிறார். வாங்குவதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று ஓட்டி வந்திருந்தார்கள்.

மெக்கானிக் கிக்கரை உதைத்து, காதைச் சாய்த்துக் கேட்டார். ``இன்ஜின் நல்லா இருக்குக்கா. செயின் செட் மட்டும் மாத்தணும். இன்ஷூரன்ஸ் இருக்கா?''

``அஞ்சு வருஷத்துக்குப் போட்டிருக்காராம் தம்பி. பேப்பர் கொடுத்தாரு.''

பேப்பரை வாங்கிப் பார்த்தவர், ``2019-ல போட்ட அஞ்சு வருஷம் 2024-லயே முடிஞ்சுபோச்சேக்கா. இப்ப இதை யார் ஓட்டிட்டு வந்தது?'' என்றார். அம்மா மகனைப் பார்த்தார். ``வழியில யார் மேலயாவது பட்டிருந்தா?'' என்று மெக்கானிக் கேட்டபோது, பதில் சொல்ல இருவரிடமும் எதுவும் இல்லை.

இந்தக் குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, 2018 செப்டம்பர் முதல் புது டூவீலர் வாங்கும்போதே ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி, கட்டாயம் எடுக்க வேண்டும். அந்த ஐந்து வருடம் முடிவது பலருக்கும் தெரிவதில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000. அது சின்னத் தொகைதான். விபத்தில் ஒருவர் இறந்தாலோ முடமானாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு பல லட்சம் போகலாம். பாலிசி இருந்தால் அதை நிறுவனம் கட்டும். இல்லையென்றால் குடும்பம்தான் கட்ட வேண்டும்.

``இதுக்கு எவ்வளவு தம்பி ஆகும்? குறைஞ்ச விலையில எங்க கிடைக்கும்?''

``எங்க போனாலும் ஒரே விலைதான்கா'' என்றார் மெக்கானிக். அதுதான் உண்மை. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 சிசி-க்கு மேல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 1,366 ரூபாய். இதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 100 சிசி வண்டிக்கு வரியோடு கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய்கூட ஆகாது.

ஆக, காப்பீட்டுச் செலவு குறைவது பெரும்பாலும் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். 150 சிசி-க்குள் நின்றால் ஒரு விலை. 160 சிசி வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறுவது நம் வண்டிக்கான சேதக் காப்பீட்டில். திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் இதில்தான் அடங்கும். கூவம் ஓரத்தில் இருக்கும் இந்தப் பேட்டைக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி மூழ்கியவர்களில் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த பாலிசியில் ஒரு ரூபாயும் கிடைத்திருக்காது. ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நிறுவனத்தோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். பிரீமியம் குறைகிறதே என்று மதிப்பைக் குறைத்துப் போட்டால், வண்டி திருடுபோகும்போது கிடைப்பதும் குறைந்துவிடும்.

அம்மா அங்கிருந்தே விற்பவருக்கு போன் செய்தார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பாலிசி உயிரோடு இருந்தால்தான் பெயர் மாற்றமும் நடக்கும். அவரே தன் பெயரில் இன்ஷூரன்ஸைப் புதுப்பிப்பது, அந்தப் பணத்தை வண்டி விலையில் கழித்துக்கொள்ளாமல் இவர்கள் கொடுத்துவிடுவது என்று பேசி முடிந்தது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியிலும் பெயர் மாற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டி பையன் பெயருக்கு வந்ததும் ஓட்டுபவரான உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். இதன் விலை இடத்துக்கு இடம் மாறும். நாலு இடத்தில் கேட்பது லாபம்.

வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். கூவத்தின் மேல் ஹாரிஸ் பாலம். அதைக் கடந்து போனால் அண்ணா சாலை. 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் கண்ணில் பட்டதும் பையன், ``இங்கயே கேக்கலாமாம்மா?'' என்றான். எல்.ஐ.சி. மனித உயிருக்குத்தான் பாலிசி போடும். பைக்குக்குப் போடாது. வாகனக் காப்பீட்டுக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வேண்டும். அந்த அரசு நிறுவனங்களில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையிடமும் சென்னைதான்.

ஜி.பி. ரோட்டில் வரிசையாக ஹெல்மெட் கடைகள். அம்மா விலையைவிட ஐ.எஸ்.ஐ. முத்திரையைத்தான் முதலில் தேடினார். ஹெல்மெட்டுக்குப் பணம் கொடுக்கும்போது போனில் பாலிசி வந்து விழுந்தது. பையன் முகம் மலர்ந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

``இது இன்னிக்கு ராத்திரி 12 மணிக்கு மேலதான்டா ஆரம்பிக்குது.''

``இங்கருந்து வீட்டுக்கு எவ்ளோ தூரம்மா? மெதுவா ஓட்டிட்டுப் போயிடறேனே...''

``நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கலாம் கண்ணு.''

புது ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.